இறக்கும் தறுவாயில் ஒருவர், அவரைச் சுற்றிச் சொத்துச் சூழ்ச்சி: 1930களின் இராமநாதபுரக் கடலோரத்தில் ஒரு மர்மப்படம்

மண்டபத்து உதவி இயக்குநர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக ஒரே திரைக்கதையை எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். கதை நடப்பது 1930களில். இடம், பெரியபட்டினத்துக்கும் சேதுக்கரைக்கும் நடுவே கடலைப் பார்த்து நிற்கும் ஒரு காரை வீடு. சங்குக் குளிப்பைக் குத்தகைக்கு எடுத்துப் பணம் சேர்த்த பெரியவர் ஒருவர் படுத்த படுக்கையாகிவிடுகிறார். மறைந்துபோன முதல் மனைவிக்கு இரண்டு ஆண் மக்கள். இரண்டாம் மனைவிக்கு இருபத்து நான்கு வயது, பிள்ளை இல்லை. சங்கை எண்ணி மூட்டை கட்டி வங்காளத்து வளையல் வியாபாரிகளுக்கு அனுப்பும் கணக்குப்பிள்ளை ஒருவர், நாள்தோறும் வந்து நாடி பார்க்கும் வைத்தியர் ஒருவர். பெரியவர் இறக்கிறார், உயில் காணாமல் போகிறது, மருந்தில் நஞ்சு கலந்திருந்ததா என்ற ஐயம் எழுகிறது. இதுதான் கதை.

எழுதி முடித்ததும் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். வக்கீல் வந்து, கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, உறையைப் பிரித்து உயிலைப் படிக்கும் காட்சி வந்தவுடன் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "நம் ஊரில் யார் வீட்டில் இப்படி உயில் படித்தார்கள்? பதினாறாம் நாள் சாப்பாட்டில் இலை எடுப்பதற்குள் பங்காளிகள் பேச்சை எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான்" என்றார். அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை. அந்தக் காட்சி நான் பார்த்த பிறநாட்டுப் படங்களிலிருந்து வந்தது. எங்கள் ஊர் வீட்டிலிருந்து வந்ததன்று.

ஆகவே இங்கே கேட்கிறேன். அந்தக் காலத்தில், இந்தக் கரையில், சாகப்போகும் ஒருவரின் சொத்தைக் குறிவைத்தவர்கள் உண்மையில் எதற்காகப் போட்டியிட்டிருப்பார்கள்? எந்தக் காகிதம், எந்தச் சொல், எந்தக் கையெழுத்து அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கும்?

பத்திர எழுத்தர் (ஓய்வு) எழுதியது:

தம்பி, உங்கள் தாயார் கேட்டது மிகச் சரியான கேள்வி. இராமநாதபுரத்துப் பதிவு அலுவலக வாசலில் முப்பத்தோரு ஆண்டுகள் பத்திரம் எழுதியவன் என்ற முறையில், உங்கள் கதையின் அடித்தளத்தில் இருக்கும் ஒரு பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைத் திருத்தினால் மற்றவை தாமாகத் திருந்தும்.

பெரியவரின் சொத்து எத்தகையது என்று நீங்கள் சொல்லவில்லை. பூர்வீகமா, சுயார்ஜிதமா, அதாவது முன்னோர் வழி வந்ததா, தாமே ஈட்டியதா? கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் ஆண் மக்களுக்குப் பிறந்தபோதே உரிமை வந்துவிடுகிறது. அதைத் தந்தை அந்தக் காலத்தில் உயில் எழுதி வேறொருவருக்குக் கொடுக்க இயலாது. பாட்டன் வைத்துவிட்டுப் போன வீடும் நிலமும் இருந்தால், அவற்றுக்காக மகன்கள் யாரையும் கொல்ல வேண்டிய தேவையே இல்லை. சங்குக் குத்தகையில் அவர் தாமே சம்பாதித்த பணம், வத்தை என்னும் படகு, நகை, கடன் பத்திரங்கள் ஆகியவைதாம் உயிலுக்கு உட்பட்டவை. எனவே உங்கள் வீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கேள்வி உண்டு: இது தாத்தாவுடையதா, இவருடையதா? வீட்டுக் கூரையை மாற்றிய பணம் எதிலிருந்து வந்தது? முதல் வத்தையைப் பூர்வீகப் பணத்தில் வாங்கியிருந்தால் அதில் ஈட்டியது முழுவதும் பூர்வீகமாகிவிடுமா? இந்த வழக்குகள் அந்நாளில் ஆண்டுக்கணக்கில் நடந்தன. உங்கள் கணக்குப்பிள்ளையின் பழைய பேரேடு, எந்த நஞ்சுப் புட்டியையும்விட ஆபத்தான பொருள்.

இரண்டாவது, ஆண்டு. மாகாணத்தின் உட்பகுதிகளில், அதாவது சென்னை நகரத்துக்கு வெளியே, இந்துக்கள் 1927 சனவரி 1ஆம் தேதிக்கு முன்பு உயிலை எழுத்தில்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. வாயால் சொன்னாலும் செல்லும். அந்தத் தேதிக்குப் பிறகுதான் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ இட்டு, இரண்டு சாட்சிகளின் சான்றொப்பம் பெற வேண்டும் என்று 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் இங்கும் நடைமுறைக்கு வந்தது. கதையை 1926இல் வைத்தால், படுக்கையருகே யார் இருந்தார், பெரியவர் முணுமுணுத்ததை யார் எப்படிக் கேட்டார் என்பதே முழுப் படமாகிவிடும். 1930களில் வைத்தால் அந்த வழி அடைபட்டுப் போகும்.

மூன்றாவது, உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். திரைப்படங்களில் முத்திரைத்தாளில் உயில் எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் பொய் உயில் தயாரிப்பவர், பார்ப்பவர் நம்ப வேண்டும் என்பதற்காகவே முத்திரைத்தாள் வாங்குவார். தாளின் பின்புறம் விற்பனையாளர் தம் கையால் எண்ணும் தேதியும் வாங்கியவர் பெயரும் எழுதியிருப்பார். தேவையற்ற இடத்தில் காட்டிய அந்தப் பணிவே அவரைக் காட்டிக்கொடுக்கும்.

நம் கரைக்கே உரிய வழக்கு ஒன்றையும் நினைவூட்ட வேண்டும். கணவரின் அனுமதி இல்லாமல், அவர் மறைந்த பின்னர், சபிண்டர்களின், அதாவது கணவர் வழி நெருங்கிய உறவினரின், இசைவோடு இராணி பர்வதவர்த்தினி நாச்சியார் ஒரு மகனைத் தத்தெடுத்தார். இராமநாதபுரம் ஜமீனுக்கு வாரிசில்லை என்று சொல்லி மதுரை மாவட்ட ஆட்சியரே எதிர்த்து நின்றார். 1868இல், அந்நாளில் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் இராணியின் பக்கம் தீர்ப்பளித்தது; தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம், எழுதிவைத்த சட்ட நூலையும் மிஞ்சும் என்பது அத்தீர்ப்பின் உயிர்நாடி. இந்தியா முழுவதும் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு அது. வாரிசுச் சூழ்ச்சியை நாம் வெளியூரிலிருந்து இரவல் வாங்க வேண்டியதில்லை.

படத்தொகுப்பு மேசை எழுதியது:

ஐயாவின் விளக்கம் மிகவும் பயனுள்ளது. ஆயினும் ஒரு கவலையைச் சொல்ல வேண்டும். பூர்வீகம், சுயார்ஜிதம் என்பவை சொற்கள். சொற்களைக் கொண்டு மர்மத்தைக் கட்டினால் மனிதர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். பார்ப்பவர் கண்ணால் கண்டுபிடிக்கக்கூடிய தடயம் வேண்டும். உதாரணமாக, 1934ஆம் ஆண்டு தேதியிட்ட முத்திரைத்தாளில் ஐந்தாம் ஜார்ஜுக்குப் பதிலாக ஆறாம் ஜார்ஜின் தலை இருந்தால், ஒரே ஒரு அண்மைக் காட்சியில் பொய் வெளிப்பட்டுவிடும் அல்லவா?

பத்திர எழுத்தர் (ஓய்வு) எழுதியது:

நல்ல தடயம்தான், ஆனால் 1940களின் கதைக்குத்தான் பொருந்தும். ஆறாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்தது 1936 டிசம்பரில். முடிசூட்டு விழாவே 1937 மே 12இல்தான் நடந்தது. கையிருப்பில் உள்ள பழைய தாள் தீரும்வரை விற்பதுதான் நடைமுறை. 1930களில் பொய்ப் பத்திரம் எழுதியவனிடம் பழைய மன்னரின் தாளே இருந்திருக்கும்.

கடலாடித் தமிழாசிரியர் எழுதியது:

கண்ணால் காணும் தடயம் வேண்டும் என்று கேட்டதால் இதை எழுதுகிறேன். இத்தடயம் தமிழில் எடுக்கும் படத்துக்கு மட்டுமே வாய்க்கக்கூடியது.

ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகளை இன்று நாம் எழுதும் வடிவம் 1978இல் தமிழ்நாட்டு அரசு ஆணையிட்ட பிறகே எல்லா இடத்துக்கும் வந்தது. அதற்கு முன் அவ்வெழுத்துகளுக்கு யானை தும்பிக்கையைத் தூக்கினாற்போல முன்புறம் வளைந்த கொம்பு இருந்தது. ணா, றா, னா ஆகியவையும் சுழித்து மடங்கிய வேறு வடிவில் இருந்தன. கணினித் தட்டச்சில் அவற்றைக் காட்ட இயலவில்லை. உங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தில் 'பிள்ளை' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள், உடனே விளங்கும். காலக்கட்டப் படங்களில் 1930ஆம் ஆண்டுக் கடிதம் என்று காட்டப்படும் தாளில் இன்றைய 'ளை' இருப்பதைக் காணும்போது எனக்கு அந்தக் காட்சி முழுவதுமே உடைந்துபோகிறது.

இதில் ஒரு மறுபக்கம் உண்டு. அதுவே மர்மத்துக்கு உதவும். பெரியார் தம் 'குடி அரசு' இதழில் 1935 முதலே சீர்திருத்த எழுத்தைக் கையாளத் தொடங்கிவிட்டார். அவ்விதழைத் தொடர்ந்து படித்த இளைஞர் சிலர் அதே வடிவில் எழுதப் பழகியிருக்கலாம். இப்போது உங்கள் கதையைப் பாருங்கள். இளைய மகன் சுயமரியாதை இயக்கத்தில் ஈடுபாடுள்ளவன் என்று வைத்துக்கொள்வோம். தந்தையின் பழைய எழுத்தை எவ்வளவு கவனமாகப் பின்பற்றினாலும், நீண்ட உயிலின் நடுவில் ஓரிடத்தில், களைத்த கை தன் பழக்கத்துக்குத் திரும்பிவிடும். 'பனை' என்ற சொல்லில் கொம்பு இராது. பனந்தோப்பைப் பற்றிய வரியில் அது நிகழட்டும். அதைவிட நல்லது, அந்தத் தாளைப் பார்த்து எல்லோரும் இளையவனைச் சந்தேகிக்க, உண்மையில் அவனிடமிருந்து எழுத்தைக் கற்ற வேறொருவர் எழுதியதாக இருப்பது. இளம் மனைவிக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தவன் அவனாகவே இருக்கலாம்.

மண்டபத்து உதவி இயக்குநர் எழுதியது:

ஆசிரியர் ஐயா, 'பனை' என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே நான் நன்றிக்கடன்பட்டிருக்கிறேன். வேறு யாரேனும் மேற்கொண்டு சொல்ல விரும்பினால் காத்திருக்கிறேன்.

கீழக்கரை வாசகி எழுதியது:

உதவி இயக்குநர் தம்பிக்கு ஸலாம். சங்கு என்றாலே எங்கள் ஊர்ப் பெயரும் சேர்ந்து வரும். எனவே பெரியவர் ஒரு முஸ்லிம் வணிகராக இருந்தால் கதை எப்படி மாறும் என்பதைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

எங்கள் மார்க்கச் சட்டப்படி ஒருவர் வஸிய்யத், அதாவது உயில், மூலம் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க முடியாது; அதையும், மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றி, ஒரு வாரிசுக்குக் கொடுக்க முடியாது. மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு, பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று என்று பங்குகள் முன்பே வகுக்கப்பட்டுவிட்டன. ஆகவே உயிலைத் திருடுவதால் யாருக்கும் பெரிய பயன் இல்லை. சூழ்ச்சி நடக்கும் இடம் வேறு, அது அன்பளிப்பு. உயிரோடிருக்கும்போது ஒருவர் தம் சொத்து முழுவதையும் யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்து, கையில் ஒப்படைத்துவிடலாம். ஆனால் மரணத்தில் முடியும் நோயில் கிடக்கும்போது கொடுத்தால், அது வஸிய்யத்தைப் போலவே கருதப்பட்டு மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும்.

அப்படியானால் கேள்வி என்னவாகிறது என்று பாருங்கள். அவர் வத்தையின் கயிற்றை மருமகன் கையில் எடுத்துக் கொடுத்த அன்று வெறும் இருமலா, அல்லது அந்த இருமல்தான் அவரைக் கொண்டுபோன நோயின் தொடக்கமா? அன்று அவர் தொழுகைக்கு நடந்து போனாரா, வீட்டிலேயே உட்கார்ந்து தொழுதாரா? தெருவில் யார் பார்த்தார்கள்? எங்கள் ஊரில் வீட்டைப் பெண்ணுக்குக் கொடுப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்வதும் வழக்கம். எனவே நோயாளியின் அருகில் இருப்பவர்கள் பெரும்பாலும் மனைவியும் பெண்மக்களும் மருமகன்களும்தான். ஆண்மக்கள் தத்தம் மனைவி வீட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். யார் எப்போது வாசற்படி ஏறினார் என்பதே அங்கே துப்பு.

நஞ்சு வேண்டாம் என்பது என் எண்ணம். வைத்தியர் மருந்தில் நஞ்சு கலந்தார் என்பது எந்த ஊரிலும் நடக்கும் கதை.

தேவிப்பட்டினத்துப் பேத்தி எழுதியது:

இந்த இழையை மூன்று நாட்களாகப் படித்துவருகிறேன். எழுதலாமா வேண்டாமா என்ற தயக்கம் இருந்தது. நஞ்சு வேண்டாம் என்று அக்கா எழுதியதைப் படித்த பிறகு எழுதுகிறேன்.

எனக்குப் பதினோரு வயதில் ஐயா, அதாவது என் அப்பாவின் தந்தை, இறந்தார். ஒன்பது நாட்கள் மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. நீர்கூட இறங்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "மண்ணாசை விடவில்லை." பெரியப்பா தென்னந்தோப்புக்குப் போய், ஐயா முதலில் வாங்கிய அந்த நிலத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்தார். பித்தளைத் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, மண்ணைப் போட்டு, சுட்டுவிரலால் கலக்கினார். கடலோரத்து மண் ஆகையால் கரையவில்லை. மணல் அடியில் படிந்து, மேலே தண்ணீர் பழுப்பாக நின்றது. அதைச் சங்கில் எடுத்து உதட்டோரம் சாய்த்தார். பொன்னை உரசிப் பாலில் விடுவார்கள், சிலர் பழைய நாணயத்தைக் கழுவி ஊற்றுவார்கள், எங்கள் வீட்டில் மண். ஐயாவின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு ஒரு சத்தம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. அவர் கீழுதட்டில் நாலைந்து மணல் ஒட்டியிருந்ததை அப்பத்தா சேலைத் தலைப்பால் ஒற்றி எடுத்தார்.

அது வழக்கம்தான். யாரும் தவறாக நினைக்கவில்லை. நானும் நினைத்திருக்கமாட்டேன். ஆனால் உடலைக் குளிப்பாட்டும்போது ஐயாவின் இடது கைப் பெருவிரலில் நீலம் இருந்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் ரேகைகளின் நடுவே அது நின்றது. அவர் அந்த ஒன்பது நாட்களில் கண் திறக்கவே இல்லை. தென்னந்தோப்பு யாருக்குப் போனது என்பதை நான் இங்கே எழுதவில்லை.

இந்தக் கரையில் வடம் இழுத்துப் பழகிய ஆண்களுக்குப் பெருவிரல் ரேகை தேய்ந்திருக்கும். ஐயா தம் நல்ல காலத்தில் எங்கேனும் கைநாட்டு வைக்கும்போது, எண்ணெய் தடவித் துடைத்து, விரலை அழுத்தாமல் மெல்ல உருட்டி வைப்பார். அழுத்தினால் வெறும் கறையாகப் போய்விடும் என்று சொல்வார். நினைவில்லாதவரின் விரலைப் பிடித்து அழுத்துபவருக்கு அது தெரியாது.

படத்தொகுப்பு மேசை எழுதியது:

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. கண்ணால் காணும் தடயம் என்று நான் கேட்டது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றுகிறது. மண் கரைத்த தம்ளர் ஒன்று போதும். பார்ப்பவர் அதை வழக்கமாகவும் பார்க்கலாம், கொலையாகவும் பார்க்கலாம். எந்த நீதிமன்றத்தாலும் இரண்டையும் பிரிக்க முடியாது.

மண்டபத்து உதவி இயக்குநர் எழுதியது:

நஞ்சையும் வைத்தியர் மீதான ஐயத்தையும் நேற்று இரவு எடுத்துவிட்டேன். இப்போது எனக்கு எஞ்சியிருக்கும் கேள்வி இளம் மனைவியைப் பற்றியது. மகன்கள் இருக்க, அவருக்குச் சட்டப்படி என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது என்றால், அவர் இந்தப் போட்டியில் வெறும் பார்வையாளராக நின்றுவிடுகிறார். அது எனக்கு உறுத்துகிறது. பத்திர எழுத்தர் ஐயா வழிகாட்ட வேண்டும்.

பத்திர எழுத்தர் (ஓய்வு) எழுதியது:

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கதையை 1937ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வையுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

அதுவரை, மகன்கள் உள்ள இந்துக் குடும்பத்தில் விதவைக்கு ஜீவனாம்சம் மட்டுமே உண்டு. அதாவது சோறும் துணியும் இருக்க இடமும். டாக்டர் தேஷ்முக் கொண்டுவந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் 1937 ஏப்ரல் 14இல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் தனிச் சொத்தில் மனைவிக்கு ஒரு மகனுக்குச் சமமான பங்கு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில் கணவருக்கு இருந்த பங்கு, வாழ்நாள் உரிமையாக, மனைவிக்கு வரும். உங்கள் கதையில் இரண்டு மகன்கள், ஒரு மனைவி. ஆக தனிச் சொத்தில் மூன்றில் ஒன்று. ஆனால் சட்டம் தொடங்குவதற்கு முன் இறந்தவரின் சொத்துக்கு அது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

இப்போது மற்றொரு விதியையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு சட்டம் ஒரு நாளில் நடைமுறைக்கு வந்தால், அதற்கு முந்தைய நாள் முடிந்த அக்கணத்திலிருந்தே, அதாவது நள்ளிரவிலிருந்தே, அது உயிரோடிருப்பதாகக் கொள்ள வேண்டும் என்று 1897ஆம் ஆண்டுப் பொது விதிகள் சட்டம் சொல்கிறது. ஏப்ரல் 13 நள்ளிரவுக்கு ஒரு நொடி முன் பெரியவர் இறந்தால், மனைவிக்குச் சோறும் துணியும். ஒரு நொடி பின் இறந்தால், மூன்றில் ஒரு பங்கு.

அவர் விடியற்காலை மூன்று மணிக்கு இறக்கட்டும். ஆங்கில நாள் கணக்கில் அது ஏப்ரல் 14. ஆனால் நம் வழக்கில் நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை. அந்த ஏப்ரல் 13, ஈசுவர வருடத்துச் சித்திரைப் பிறப்பு. ஊரில் யாரைக் கேட்டாலும், "சித்திரை ஒன்றாம் தேதி இராத்திரி போனார்" என்றே சொல்வார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. கிராம முன்சீப் பிறப்பு இறப்புப் பதிவேட்டில் அதை ஆங்கிலத் தேதியாக மாற்றி 13 என்று எழுதுவார். அவரிடமும் பொய் இல்லை. ஒருவரும் பொய் சொல்லாமலே அந்தப் பெண்ணின் பங்கு போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வழக்கமான கதைகளில் எல்லோரும் உயிலைத் தேடுவார்கள். இங்கே மனைவிக்கு உயில் இல்லாமல் இருப்பதே நன்மை. உயில் இருந்தால் தனிச் சொத்தில் இச்சட்டம் அவளுக்கு உதவாது. ஆகவே மகன்கள் ஒரு பொய் உயிலைக் கொண்டுவர, அவள் கையில் கிடைப்பது அதில் உள்ள 'பனை'யும், சரியாக உருளாத கைநாட்டும்தான்.

கடலாடித் தமிழாசிரியர் எழுதியது:

அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. சட்டத்துக்கு ஒப்புதல் எந்த நாளில் கிடைக்கும் என்பது சேதுக்கரையில் இருக்கும் மகன்களுக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்? தெரிந்து, அதற்குள் தந்தையைக் கொன்றார்கள் என்று காட்டினால் அது நம்பும்படி இராது.

பத்திர எழுத்தர் (ஓய்வு) எழுதியது:

உண்மை, ஆசிரியரே. தெரிந்திருக்க முடியாது. மத்திய சட்டசபையில் இப்படி ஒரு சட்டம் வரப்போகிறது என்ற செய்தியைக் கணக்குப்பிள்ளை நாளிதழில் படித்திருக்கலாம். தேதி யாருக்கும் தெரியாது. எனவே மண் கரைத்து ஊற்றியதற்கும் சட்டத்துக்கும் தொடர்பு இல்லை. அவர்கள் ஊற்றியது, தந்தை துன்பப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமலேயே கூட இருக்கலாம். வாரங்கள் கழிந்து, இராமநாதபுரத்து வக்கீல் ஒருவர் தேதியைக் கேட்ட பிறகுதான், அந்த இரவின் ஒவ்வொரு நாழிகைக்கும் விலை ஏறுகிறது. துக்கம் அதன்பிறகே சூழ்ச்சியாகிறது. எனக்கு இந்த வரிசைதான் சரியென்று படுகிறது. மனிதர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கெடுகிறார்கள் என்பதை என் மேசைக்கு எதிரே பலமுறை பார்த்திருக்கிறேன்.

மேலும் ஒரு குறிப்பு. அச்சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது என்று 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் கருத்துரைத்தது. பிறகு 1947இல் சென்னை மாகாணம் தனிச் சட்டம் செய்தே அதை விவசாய நிலத்துக்கும் நீட்டித்தது. எனவே அவள் வென்றாலும், வீடு, வத்தை, சங்கு, ரொக்கம் ஆகியவற்றில்தான் பங்கு.

படத்தொகுப்பு மேசை எழுதியது:

அந்த இரவைப் பற்றி ஒரு செய்தி. 1937 ஏப்ரல் 11ஐ ஒட்டி அமாவாசை. ஆகவே 13ஆம் தேதி பிறை முன்னிரவிலேயே மறைந்திருக்கும். மூன்று மணிக்கு வானில் விண்மீன்களைத் தவிர ஒளியே இராது. ஒளிப்பதிவாளர் நிலவொளி கேட்டால் கொடுக்காதீர்கள். ஓர் அரிக்கேன் விளக்கு போதும். பகலில் வைத்த வேப்பம்பூப் பச்சடி அடுக்களையில் யாரும் தொடாமல் இருக்கட்டும். மன்னார் வளைகுடாப் பக்கம் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வலுக்காத மாதம் அது. கடல் ஓசை மிக மெல்லியதாக இருக்க வேண்டும், பெரியவரின் மூச்சு அதைவிடப் பெரிதாக ஒலிக்க வேண்டும். மூச்சு நின்ற பிறகே கடல் நம் காதில் விழ வேண்டும்.

ஆனால் கடிகாரம் இல்லாத வீட்டில் மூன்று மணி என்பதை யார் மெய்ப்பிப்பது?

கீழக்கரை வாசகி எழுதியது:

பெரியபட்டினத்துப் பள்ளிவாசல் எதற்கு இருக்கிறது, சகோதரரே? மோதினார் ஃபஜ்ர் என்னும் வைகறைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லி அழைக்க இருட்டோடு எழுந்து வருவார். அழுகுரல் கேட்டபோது அவர் தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்துகொண்டிருந்தார் என்றால், நேரம் நள்ளிரவைத் தாண்டி வெகு தூரம் வந்துவிட்டது என்று பொருள். மகன்கள் தரப்பு, துக்கம் தெரிந்த பிறகு அழுதது வேறு, உயிர் போனது வேறு என்று வாதிடலாம். உயிர் போனதும் அழாமல் இருந்தது ஏன் என்ற கேள்வி அப்போது எழும். அந்த இடைவெளியில்தான் பெருவிரலில் மை ஏறியிருக்கும்.

மண்டபத்து உதவி இயக்குநர் எழுதியது:

லாத்தா, கடைசி வரியில் நீங்கள் படத்தை முடித்தேவிட்டீர்கள். நேற்று இரவு முழுவதும் எழுதினேன். வக்கீல் உயில் படிக்கும் காட்சி போய்விட்டது. அதன் இடத்தில் கிராம முன்சீப் திண்ணையில் உட்கார்ந்து, மைக்கூட்டைத் திறந்து, "மூச்சு நின்றது எப்போது?" என்று கேட்கிறார். மூத்த மகன் பதில் சொல்கிறான். கதவுக்குப் பின்னால் நிற்கும் பெண் வாய் திறந்து, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொள்கிறாள். அந்தப் பதிலின் விலை அப்போது அவளுக்கும் தெரியாது.

தேவிப்பட்டினத்து அக்காவிடம் ஒரு வேண்டுகோள். பெருவிரலில் நின்ற மையை நான் படத்தில் பயன்படுத்த உங்கள் அனுமதி வேண்டும். குளிப்பாட்டும்போது இளம் மனைவி அதைப் பார்த்துத் தேய்த்துத் தேய்த்து அழிக்க முயல்வதாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு விருப்பமில்லை என்றால் எடுத்துவிடுகிறேன்.

தேவிப்பட்டினத்துப் பேத்தி எழுதியது:

தம்பி, தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தேய்த்தவர்கள் குளிப்பாட்ட வந்த மற்றவர்கள். அப்பத்தா தேய்க்கவில்லை. எல்லாம் முடிந்து, கைப்பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவதற்கு வெள்ளைத் துணி கிழித்தார்கள் அல்லவா, அந்தத் துணியை அப்பத்தா கேட்டு வாங்கினார். நகமும் ரேகையும் தெரியாதபடி மூன்று சுற்றுச் சுற்றி, முடிச்சை உள்பக்கம் வைத்து, தாமே கட்டினார்.